ஆரோக்கியப் பாடம்: காலுக்கு இடம் கொடுக்கும் செருப்பு



போன இதழில் ரத்தசோகை பற்றிப் படித்தோம். இந்த இதழில் நம்மைத் தினமும் சுமந்து செல்லும் பாதங்களைப் பற்றியும், அந்தப் பாதங்களுக்கு நாம் போடும் செருப்பைப் பற்றியும் பார்ப்போம். "செருப்புக்கெல்லாம் ஒரு பாடமா?" என்று சிரிக்காதீர்கள். முழுவதும் படித்துவிட்டு, பிறகு குழுவில் கலந்து பேசுங்கள்.

குழுக் கூட்டம் நடக்கும்போது வாசலில் கிடக்கும் செருப்புகளை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். ஒன்றில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கும். இன்னொன்றில் குதிகால் பக்கம் தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கும். மகன் போட்டுக் கழித்த செருப்பு, மகளுக்குச் சின்னதாகிப்போன செருப்பு, சந்தையில் "எந்த சைஸ் எடுத்தாலும் ஒரே விலை" என்று வாங்கிய செருப்பு, எல்லாம் இருக்கும். நம் அளவு பார்த்து, நமக்கென்று வாங்கிய செருப்பு எத்தனை இருக்கும்? வீட்டில் எல்லோருக்கும் வாங்கிய பிறகு மிச்சம் இருந்தால்தான் நமக்கு. அதுவும் காலுக்குப் பத்துதா பத்தலையா என்று பார்ப்பதே இல்லை.

நம் பாதத்தைத் தெரிந்துகொள்வோம்

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. இரண்டு பாதத்திலும் சேர்த்து 52. நம் உடம்பில் மொத்தம் இருப்பதே 206 எலும்புகள். அதாவது நான்கில் ஒரு பங்கு எலும்பு பாதத்தில்தான் இருக்கிறது. இத்தனை சின்னச் சின்ன எலும்புகள் எதற்கு? மேடு பள்ளம், வரப்பு, சேறு, கல் எதில் கால் வைத்தாலும் பாதம் அதற்கு ஏற்றபடி வளைந்து கொடுக்க வேண்டும். நாம் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் விரல்கள் கொஞ்சம் விரிந்து தரையைப் பிடிக்கின்றன.

இதை இப்போதே செய்து பாருங்கள். ஒரு கையைத் தரையில் ஊன்றி, விரல்களை விரித்து அழுத்துங்கள். நன்றாகப் பிடிப்பு கிடைக்கும். இப்போது அதே விரல்களை ஒரு துணியால் சேர்த்துக் கட்டிவிட்டு அழுத்துங்கள். கை ஆடும், மணிக்கட்டு வலிக்கும். முன்பக்கம் குறுகலாக இருக்கும் செருப்பைப் போட்டு நாள் முழுவதும் நடக்கும்போது நம் கால் படும் பாடு இதுதான்.

இன்னொரு விஷயம். கால் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை.

- காலையில் இருக்கும் அளவைவிட மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும். நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.
- கர்ப்ப காலத்தில் பாதம் வீங்கும். தசைநார்கள் தளர்ந்து பாதம் கொஞ்சம் அகலமாகவும் நீளமாகவும் ஆகும். பிரசவத்துக்குப் பிறகும் சிலருக்கு அப்படியே நின்றுவிடும்.
- வயது ஏற ஏற பாதத்தின் வளைவு தாழ்ந்து, பாதம் பரவும்.
- பலருக்கு இரண்டு காலும் ஒரே அளவாக இருக்காது.

"கல்யாணத்தப்போ அஞ்சாம் நம்பர்தான் போட்டேன், இப்பவும் அதேதான்" என்று சொல்கிறோம். ரவிக்கை அளவு மாறியதை ஏற்றுக்கொள்கிறோம். கால் அளவும் அப்படித்தான்.

இறுக்கமான செருப்பு என்ன செய்யும்?

1. கால் ஆணி, காய்ப்பு: ஒரே இடத்தில் அழுத்தமும் உராய்வும் தொடர்ந்தால் தோல் தடித்துப்போகும். சுண்டுவிரல் மேலும், பாதத்தின் அடியிலும் ஆணி போலக் குத்தும்.

2. பெருவிரல் மூட்டுப் புடைப்பு: பெருவிரல் மற்ற விரல்கள் பக்கம் சாய்ந்து, அதன் அடி மூட்டு வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். இது பரம்பரையாகவும் வரும். ஆனால் முன்பக்கம் குறுகிய செருப்பு அதை அதிகமாக்கும், வலியைக் கூட்டும். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம்.

3. விரல் மடங்குதல்: நீளம் பத்தாத செருப்பில் விரல்கள் கொக்கி போல மடங்கி, நாளடைவில் அப்படியே நின்றுவிடும்.

4. நகம் சதைக்குள் வளர்தல்: பெருவிரல் இரண்டு பக்கமும் நெருக்கப்படும்போது நகத்தின் ஓரம் சதைக்குள் குத்தி, சீழ் பிடிக்கும்.

5. சேற்றுப்புண்: விரல்கள் ஒட்டிக்கொண்டே இருந்தால் இடுக்கில் காற்றுப் படாது. ஈரம் நிற்கும். பூஞ்சை வளரும். நாற்று நடும் சகோதரிகளுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

6. நடை மாறுதல்: வலிக்கிற காலைத் தாங்கித் தாங்கி நடப்போம். நாளாக நாளாக முழங்காலும் இடுப்பும் வலிக்கத் தொடங்கும். "மூட்டு வலி"க்கு மாத்திரை போடுகிறோம். காலில் இருக்கும் செருப்பைக் கவனிப்பதில்லை.

மெட்டி போடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இறுக்கமான செருப்புக்குள் மெட்டி பக்கத்து விரலை அறுத்துப் புண்ணாக்கும். கால் வீங்கும் சமயத்தில் மெட்டியைத் தளர்த்திப் போடுங்கள், தேவைப்பட்டால் கழற்றி வையுங்கள். இதில் தெய்வக் குற்றம் எதுவும் இல்லை.

கால் மேல் தப்பா, செருப்பு மேல் தப்பா?

"என் காலு அகலக் காலுக்கா, எந்தச் செருப்பும் சேராது" என்று பல உறுப்பினர்கள் எங்களிடம் வெட்கத்தோடு சொல்கிறார்கள். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனி வேலைக்குப் போகும் சகோதரிகளைக் கேளுங்கள். ஷூவை 'லாஸ்ட்' என்று சொல்லும் கால் வடிவ அச்சின் மேல் இழுத்துத்தான் உருவம் கொடுப்பார்கள். அச்சு எப்படியோ ஷூ அப்படி. நம் நாட்டில் வெள்ளைக்காரர் காலத்திலிருந்து இங்கிலாந்து அளவு முறைதான் பழக்கத்தில் இருந்தது. அது நம் கால்களை அளந்து செய்தது அல்ல.

சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கால்களை இயந்திரம் மூலம் அளந்தது. நம் மக்களின் பாதம் அந்த அளவு முறையைவிட அகலமானது என்று தெரிய வந்தது. இதை வைத்து நம் நாட்டுக்கென்று 'பா' என்ற புதிய அளவு முறையை உருவாக்கினார்கள். பாரதம் என்ற பெயரின் முதல் எழுத்து அது. 2024-ல் இந்தச் செய்தி வெளிவந்தது.

அகலம் பத்தாதபோது நாம் என்ன செய்கிறோம்? ஒரு நம்பர் பெரிதாக வாங்குகிறோம். அகலம் சரியாகிவிடும், ஆனால் நீளம் மிஞ்சிப் போகும். நடக்கும்போது கால் முன்னும் பின்னும் வழுக்கும், தடுக்கும். தாராளமான செருப்பு என்றால் தொளதொள செருப்பு அல்ல. விரல் இருக்கும் பக்கம் இடம் வேண்டும், நடுப்பாதமும் குதிகாலும் பிடிப்பாக நிற்க வேண்டும். அதற்குத்தான் பின்வாரும், கூட்டிக் குறைக்கும் பட்டையும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கவனத்துக்கு

இது இந்தப் பாடத்தின் முக்கியமான பகுதி. படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கு ஊக்குநர் கட்டாயம் படித்துக் காட்ட வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. சர்க்கரை பல வருடம் கட்டுப்பாடு இல்லாமல் இருந்தால் காலின் நரம்புகள் பழுதாகி உணர்ச்சி குறையும். ரத்த ஓட்டமும் குறையலாம். அப்போது செருப்பு கடித்தாலும் தெரியாது, முள் குத்தினாலும் தெரியாது.

எங்கள் பகுதிக் குழு ஒன்றில் ஓர் அக்கா. வயது ஐம்பதுக்கு மேல். உறவுக்காரர் கல்யாணத்துக்குப் புதுச் செருப்பு வாங்கினார். ஓரம் கொஞ்சம் இறுக்கம். கடைக்காரர், "போடப் போட லூஸாயிடும்மா" என்றார். இரண்டு நாள் போட்டார். வீட்டுத் தரையில் ரத்தக் கறையைப் பேத்திதான் முதலில் பார்த்தாள். சுண்டுவிரல் ஓரம் புண். "வலியே இல்லையே, சின்னப் புண்ணுதானே" என்று மஞ்சள் அரைத்துப் போட்டார். மூன்று வாரம் போனது. விரல் கறுத்தது. கடைசியில் அந்த விரலை எடுக்க வேண்டியதாயிற்று. வைத்தியம், போக்குவரத்து, துணைக்கு இருந்தவர் இழந்த கூலி என்று குழுவில் வாங்கிய உள்கடன் 15 ஆயிரம் ரூபாய். அதை அடைக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

அவர் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி: "வலிச்சிருந்தா கழட்டிப் போட்டிருப்பேனே, ஏன் வலிக்கல?"

இந்தக் கேள்விக்குப் பதில் நம் வேலூர் மண்ணிலேயே கிடைத்தது. டாக்டர் பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து தொழுநோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்தார். அந்தக் காலத்தில் தொழுநோய் வந்தால் விரல்கள் தானாக அழுகி விழும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அப்படி இல்லை, உணர்ச்சி போய்விடுவதால் காயம் படுவது தெரியாமல், அந்தக் காயத்தோடேயே நடந்து நடந்து விரல் சேதமாகிறது என்று அவரும் அவருடன் வேலை செய்தவர்களும் கண்டுபிடித்தார்கள். வலி என்பது உடம்பு நமக்குக் கொடுக்கும் எச்சரிக்கை மணி. மணி அடிக்காத காலுக்குச் செருப்புதான் காவல். அதனால் மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்புகள் செய்து கொடுத்தார்கள். இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு டாக்டர்கள் சொல்லும் 'எம்.சி.ஆர். செருப்பு' அந்த வகை ரப்பரில் செய்வதுதான்.

சர்க்கரை உள்ளவர்கள் செய்ய வேண்டியவை:

- பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் குமிழ் வரும் ஹவாய் செருப்பைத் தவிருங்கள். அகலப் பட்டையும் பின்வாரும் உள்ள செருப்பு நல்லது.
- புதுச் செருப்பை முதல் நாள் அரை மணி நேரம் மட்டும் போடுங்கள். கழற்றி, கால் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுங்கள்.
- கால் ஆணியைப் பிளேடால் அறுக்காதீர்கள். கடையில் விற்கும் ஆணி பிளாஸ்திரி ஒட்டாதீர்கள். அதில் உள்ள மருந்து நல்ல தோலையும் அரித்துவிடும்.
- காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் வேண்டாம். சூடு தெரியாமல் வெந்துபோகும்.
- வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். கோயிலுக்குப் போனால் கல் சுடாத காலை, மாலை நேரத்தில் போங்கள்.
- சின்னப் புண்ணாக இருந்தாலும் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வலி இல்லை என்று காத்திருக்காதீர்கள். வலி இல்லாத புண்தான் ஆபத்து.

அப்படியானால் வெறுங்காலே மேலா?

"எங்க பாட்டி செருப்பே போட்டதில்ல, எண்பது வயசு இருந்தாங்க" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வெறுங்காலில் விரல்கள் நன்றாக விரிந்து பலமாக இருக்கும் என்பது உண்மை. மணிப்பால் மருத்துவர்கள் 2300 குழந்தைகளின் கால்களைப் பார்த்து 1992-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். செருப்போ ஷூவோ போட்டுப் பழகிய குழந்தைகளில் நூற்றுக்கு 8.6 பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு வளர்ந்த குழந்தைகளில் நூற்றுக்கு 2.8 பேருக்குத்தான். விரல் மூடிய ஷூ போட்டவர்களுக்கு அதிகம், திறந்த செருப்பு போட்டவர்களுக்கு அதைவிடக் குறைவு. ஆகவே சின்னக் குழந்தைகள் சுத்தமான வீட்டுத் தரையில் வெறுங்காலோடு ஓடி விளையாடட்டும். ஸ்கூல் ஷூ வாங்கும்போது விரல் பக்கம் இடம் பார்த்து வாங்குங்கள். வளரும் கால், அதனால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை விரலை அழுத்திப் பாருங்கள்.

ஆனால் வெளியே போகும்போது கதை வேறு. திறந்த வெளியில் மலம் கழிக்கும் இடங்களில், ஈர மண்ணில் கொக்கிப்புழுவின் குஞ்சுகள் இருக்கும். அவை பாதத்தின் தோல் வழியாகவே உடம்புக்குள் புகுந்துவிடும். குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கும். போன இதழில் பார்த்த ரத்தசோகைக்கு இதுவும் ஒரு காரணம். அதனால் தோட்டத்துக்கும் வயலுக்கும் போகும்போது செருப்பு அவசியம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் பாட்டிகள் எல்லோரும் ஆசைப்பட்டு வெறுங்காலோடு நடக்கவில்லை. சில தெருக்களில் செருப்பு போட்டு நடக்கக் கூடாது என்று தாழ்த்தப்பட்ட மக்களைத் தடுத்து, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போக வைத்த கொடுமை இருந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் செய்த திருத்தத்தின்படி, பொது இடத்தில் செருப்பு அணிவதைச் சாதியின் பெயரால் தடுப்பது தண்டனைக்குரிய குற்றம். செருப்பு ஆரோக்கியம் மட்டும் அல்ல, உரிமையும்கூட.

செய்து பார்ப்போம்: காகிதச் சோதனை

இதைக் குழுக் கூட்டத்திலேயே செய்யலாம். தேவையானது பழைய செய்தித்தாள், பென்சில், கத்தரிக்கோல்.

1. மாலை நேரத்தில் செய்யுங்கள். காகிதத்தின் மேல் இரண்டு காலையும் ஊன்றி நேராக நில்லுங்கள். உட்கார்ந்து செய்யக் கூடாது.
2. பக்கத்தில் இருப்பவர் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போடட்டும்.
3. கோட்டின் மேலேயே வெட்டி எடுங்கள்.
4. நீங்கள் போட்டு வந்த செருப்பின் மேல் அந்தக் காகிதத்தை வையுங்கள்.

காகிதம் செருப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்தச் செருப்பு உங்களுக்குச் சின்னது. அவ்வளவுதான். இரண்டு காகிதத்தில் எது பெரியதோ அதையே கடைக்கு எடுத்துப் போங்கள்.

கடையில் கவனிக்க வேண்டியவை

- மாலையில் போங்கள்.
- நம்பரை மட்டும் நம்பாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். போட்டுப் பார்த்து வாங்குங்கள்.
- இரண்டு காலிலும் போட்டு, நின்று, பத்து அடி நடந்து பாருங்கள்.
- நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம், அதாவது சுமார் அரை அங்குலம், இடம் இருக்க வேண்டும். சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாவது விரல் நீளமாக இருக்கும். அதிலிருந்து அளக்க வேண்டும்.
- விரல்களை உள்ளே அசைத்துப் பாருங்கள். அசைய வேண்டும்.
- செருப்பை வளைத்துப் பாருங்கள். விரல் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும். நடுவில் துணி மாதிரி மடிந்தால் வேண்டாம்.
- அடியில் பிடிப்பு வேண்டும். குதிகால் உயரம் வேண்டாம்.
- "போடப் போட லூஸாயிடும்" என்று சொன்னால், "இப்பவே சரியா இருக்கறதைக் காட்டுங்க" என்று தைரியமாகக் கேளுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நாம் கணக்கு எழுதத் தெரிந்தவர்கள். 150 ரூபாய் செருப்பு மூன்று மாதத்தில் அறுந்தால், வருடத்துக்கு நான்கு ஜோடி, 600 ரூபாய். 450 ரூபாயில் காலுக்குச் சேரும் செருப்பு ஒரு வருடம் உழைத்தால் 150 ரூபாய் மிச்சம். மேலே சொன்ன அக்காவின் 15 ஆயிரம் கடனையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எது சிக்கனம்?

மொத்தமாக 450 ரூபாய் எடுக்க முடியாதவர்கள் வாரம் 10 ரூபாய் தனியாக எடுத்து வைத்தால் ஒரு வருடத்துக்குள் சேர்ந்துவிடும். இருக்கிற செருப்பைத் தூக்கி எறிய வேண்டும் என்றும் இல்லை. வார் இறுக்கமாக இருந்தால் செருப்பு தைப்பவரிடம் கொடுத்துத் தளர்த்தித் தைக்கலாம், பின்வார் வைக்கலாம்.

தினமும் ஐந்து நிமிடம்

இரவு படுக்கும் முன் காலைக் கழுவி, விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் துடையுங்கள். குதிகாலில் வெடிப்பு இருந்தால் தேங்காய் எண்ணெய் தடவுங்கள், விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம். பாதத்தின் அடியைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள், அல்லது பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தை வளைத்து வெட்டாதீர்கள். காலையில் செருப்பை உதறிப் போடுங்கள். கல்லும் இருக்கலாம், தேளும் இருக்கலாம்.

குழுவில் கலந்து பேச

1. நம் குழுவில் எத்தனை பேருக்குக் காகிதம் செருப்புக்கு வெளியே நீட்டுகிறது?
2. நம் குழுவில் யார் யாருக்குச் சர்க்கரை நோய் உள்ளது? 30 வயது தாண்டிய எத்தனை பேர் இதுவரை பரிசோதனையே செய்யவில்லை? ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.
3. வீட்டில் கடைசியாக யாருக்குப் புதுச் செருப்பு வாங்கினோம்? நமக்கு எப்போது?

மூன்று கேள்விக்கும் வந்த பதிலைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். பரிசோதனை செய்யாதவர்களைக் கூட்டிக்கொண்டு போக ஒரு நாளைக் குறித்து, கூடப் போகிறவர் பெயரையும் எழுதுங்கள். அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குப் பிரதிநிதிகள் அந்த நோட்டைக் கொண்டு வரட்டும். எந்தப் பஞ்சாயத்தில் எத்தனை பேர் பரிசோதனை செய்துகொண்டார்கள் என்று சேர்ந்து பார்ப்போம்.